ஆளைப் பார்த்துப் பதில் சொல்லும் கணினி: இயங்குதளப் பதிப்பு பற்றி ஒரு விமர்சனம்

ஒரு கணினியில் ஓடுவது எந்த இயங்குதளம், அதில் எந்தப் பதிப்பு? கேள்வி என்னவோ எளிமையானதுதான். விண்டோஸ் என்றால் விண்டோஸ் விசையோடு 'ஆர்' விசையையும் சேர்த்து அழுத்தி, 'வின்வெர்' என்று தட்டினால் ஒரு சின்னப் பெட்டி வந்து பதில் சொல்லிவிடும். மேக் என்றால் மேல் மூலையில் இருக்கும் ஆப்பிள் படத்தைச் சொடுக்கினால் போதும். லினக்ஸில் ஒரு வரிக் கட்டளை. இதுல விமர்சனம் எழுத என்ன இருக்குன்னு கேட்கலாம்.

இருக்கு. விண்டோஸ் 11 ஓடும் கணினி ஒன்றை எடுத்துக்கொண்டு, அதே கேள்வியை ஆறு வழிகளில் கேட்டுப் பாருங்கள்.

1. வின்வெர் பெட்டி: விண்டோஸ் 11.
2. கமாண்ட் ப்ராம்ப்டில் 'வெர்' என்று தட்டினால்: 10.0 என்று தொடங்கும் ஓர் எண்.
3. ரெஜிஸ்ட்ரியில் 'ப்ராடக்ட் நேம்' என்ற இடம்: விண்டோஸ் 10.
4. ரெஜிஸ்ட்ரியில் அதே பக்கத்தில் 'கரண்ட் வெர்ஷன்' என்ற இடம்: 6.3. இது விண்டோஸ் 8.1-இன் எண்.
5. பிரவுசர் இணையதளங்களுக்கு அனுப்பும் அறிமுக வரி: விண்டோஸ் என்டி 10.0.
6. பத்து வருஷத்துக்கு முன்னால் எழுதிய ஒரு பழைய நிரல், வழக்கமான முறையில் கேட்டால்: 6.2. இது விண்டோஸ் 8-இன் எண்.

ஒரே கணினி, ஒரே நேரம். கேட்பவர் யார் என்று பார்த்து வேறு வேறு பதில். நம்ம ஊர்ல இதை ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசுறதுன்னு சொல்லுவோம். மனிதர்களில் அது கெட்ட பெயர் வாங்கித் தரும் குணம். கணினியிலும் அப்படித்தானா என்பதுதான் இந்தக் குறிப்பின் விஷயம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிரல்களிடம் பொய் சொல்வது நியாயமே. முன்பின் தெரியாத இணையதளத்திடம் வாயை மூடிக்கொள்வது நல்லதே. ஆனால் கணினியின் சொந்தக்காரருக்கு முழு உண்மையைச் சொல்லாமல் விடுவதற்கு எந்தச் சாக்கும் இல்லை. இன்றைய நிலையில் மூன்றாவதும் நடக்கிறது.

பொய் எப்படித் தொடங்கியது

இது இன்று நேற்று வந்த பழக்கம் இல்லை. 1991-ல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0-ல் 'செட்வெர்' என்று ஒரு கட்டளை இருந்தது. "இந்தப் பெயருள்ள நிரல் வந்து கேட்டால், இந்தப் பதிப்பு எண்ணைச் சொல்" என்று ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளும் கட்டளை. பழைய நிரல்கள் பல, தமக்குத் தெரிந்த டாஸ் எண் வந்தால்தான் ஓடுவேன் என்று அடம்பிடித்தன. புதிய டாஸில் அவற்றுக்குத் தேவையான எல்லாமே இருந்தது. எண் மட்டும்தான் வேறு. எனவே எண்ணை மாற்றிச் சொன்னார்கள், நிரல் ஓடியது.

அடுத்தது இன்னும் சுவாரசியம். விண்டோஸ் 3.1 தன் பதிப்பை இரண்டு பைட்டுகளில் சொல்லும்: ஒன்றில் 3, இன்னொன்றில் 10. எது முன்னால், எது பின்னால் என்பதைப் பல நிரலாளர்கள் மாற்றிப் போட்டுவிட்டார்கள். அவர்கள் கணக்கில் 3.10 என்பது 10.3 ஆனது. விண்டோஸ் 3.1-ல் சோதித்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது. பிறகு விண்டோஸ் 95 வருகிறது. அதன் உண்மையான எண் 4.0. மாற்றிப் படித்தால் 0.4. "ஐயோ, இது ரொம்பப் பழசு" என்று நிரல் நின்றுவிடும். அதனால் மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது தெரியுமா? பழைய 16-பிட் நிரல்கள் கேட்டால் விண்டோஸ் 95 தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. நேராகப் படித்தாலும் 3.10-ஐ விடப் பெரிது, மாற்றிப் படித்தாலும் 95.3, அதுவும் பெரிது. கச்சிதமான பொய்.

எக்ஸ்பி காலத்திலும் இதே கதை. எக்ஸ்பியின் எண் 5.1. "முதல் எண் 5 அல்லது அதற்கு மேல், இரண்டாம் எண் 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஓடு" என்று எழுதியவர்கள் ஏராளம். பார்த்தால் சரியாகத்தான் தெரியும். விஸ்டா 6.0 ஆக வந்தது. 6 என்பது 5-ஐ விடப் பெரிது, ஆனால் 0 என்பது 1-ஐ விடச் சிறிது. நிரல் மறுத்துவிட்டது. அடுத்து வந்த விண்டோஸ் 7-இன் உள் எண் 7.0 ஆக இல்லாமல் 6.1 ஆக இருப்பதற்குக் காரணம் இந்தப் பொருந்துதல் பிரச்சினைதான் என்று 2008-ல் மைக்ரோசாஃப்டே சொன்னது.

2013-ல் 8.1 வந்தபோது பொறுமை போய்விட்டது. "எனக்கு 8.1 தெரியும்" என்று நிரல் தன்னுடன் வரும் அறிவிப்புக் கோப்பில் எழுதிவைத்திருந்தால் மட்டுமே உண்மையான எண். இல்லையென்றால் 6.2 என்று பதில், அதோடு கதை முடிந்தது. மேலே ஆறாவதாகச் சொன்ன பதில் இங்கிருந்து வந்ததுதான்.

இடையில் ஒரு வதந்தியையும் பார்த்துவிடுவோம். விண்டோஸ் 9 ஏன் வரவில்லை? "விண்டோஸ் 9 என்று தொடங்கினால் அது 95 அல்லது 98" என்று எழுதப்பட்ட பழைய நிரல்கள் குழம்பிவிடும் என்பதால் 8.1-லிருந்து நேராக 10-க்குத் தாவினார்கள் என்று ஒரு கதை 2014 முதல் சுற்றுகிறது. அப்படி எழுதிய ஜாவா நிரல்கள் இருந்தது உண்மை. ஆனால் விண்டோஸ் நிரலுக்குத் தருவது எண்களை. அந்த எண்களைப் பார்த்து 'விண்டோஸ் 95', 'விண்டோஸ் எக்ஸ்பி' என்று பெயர் கட்டுவது ஜாவாவின் வேலை. மைக்ரோசாஃப்ட் இதைக் காரணமாக அறிவித்ததும் இல்லை. கதை நல்லா இருக்குங்கிறதுக்காக அதை வரலாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஜாவாவின் பெயர் கட்டும் வேலை சறுக்கிய நிஜ உதாரணம் வேறு உண்டு: விண்டோஸ் 11 வந்த புதிதில் இருந்த ஜாவா பதிப்புகள் அதையும் 'விண்டோஸ் 10' என்றே சொல்லிக்கொண்டிருந்தன. பிறகுதான் திருத்தினார்கள்.

மைக்ரோசாஃப்டின் குணமா?

இல்லை. 2011-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கர்னலின் எண்ணை 2.6.39-லிருந்து 3.0-க்கு மாற்றினார். பெரிய மாற்றம் எதுவும் இல்லை, எண் மட்டும்தான். ஆனாலும் 2.6 என்றுதான் தொடங்கும் என்று நம்பிய நிரல்கள் தடுமாறின. அவற்றுக்காக 3.0, 3.1 என்ற எண்களை 2.6.40, 2.6.41 என்று காட்டும் வசதி கர்னலுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. 2021-ல் இன்னொன்று. 4.4, 4.9 வரிசைகளில் திருத்தங்கள் வந்து வந்து மூன்றாம் எண் 256-ஐ எட்டியது. அதற்கு ஒதுக்கிய இடமோ ஒரு பைட், 255-க்கு மேல் கொள்ளாது. அதனால் நிரல்களுக்குத் தரும் எண் 255-லேயே நிறுத்தப்பட்டது.

ஆப்பிளும் விதிவிலக்கல்ல. 2001 முதல் கிட்டத்தட்ட இருபது ஆண்டுகள் 10-லேயே இருந்த மேக் இயங்குதளம், 2020 நவம்பரில் பிக் சர் பதிப்பில் 11 ஆனது. பழைய கருவித் தொகுப்பில் கட்டப்பட்ட நிரல்கள் கேட்டால் அது 10.16 என்று பதில் சொன்னது. அப்படி ஒரு பதிப்பு கடைக்கு வந்ததே கிடையாது.

மூன்று வெவ்வேறு அமைப்புகள், மூன்று வெவ்வேறு பண்பாடுகள், ஒரே முடிவு. அப்போ கோளாறு பதிலில் இல்லை, கேள்வியில் இருக்கு. நிரல் தெரிந்துகொள்ள விரும்புவது "இந்த வசதி இங்கே இருக்கிறதா?" என்பதை. அது கேட்பதோ "உன் எண் என்ன?" என்று. எண்ணிலிருந்து வசதியை ஊகிக்கிறது. ஊகம் தப்பினால் பழியெல்லாம் இயங்குதளத்தின் மேல். வாங்கியவர் கண்ணுக்கு, "புது விண்டோஸ் போட்டதும் பழைய சாஃப்ட்வேர் ஓடல" என்பதுதான் தெரியும்.

தமிழ் வாசகர்களுக்கு இதை விளக்க வெளியே போக வேண்டியதில்லை. 2000-களின் தொடக்கத்தில் யூனிகோட் தமிழை இணையத்தில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். 'உங்கள் விண்டோஸ் பதிப்பு என்ன?' என்பதுதான் எந்த உதவிப் பக்கத்திலும் முதல் கேள்வி. பதிலை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. விண்டோஸ் 98-ல் தமிழ் ஆதரவு இல்லை என்பது பொதுவான பேச்சு. ஆனால் புதிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை நிறுவினால், எழுத்துகளைக் கோத்துத் தரும் யூனிஸ்கிரைப் என்ற பகுதி கூடவே வந்தது. ஒரு யூனிகோட் எழுத்துருவும் இருந்தால் பிரவுசருக்குள் தமிழ் படிக்க முடிந்தது. எக்ஸ்பியில் தமிழ் ஆதரவும் லதா எழுத்துருவும் உண்டு. ஆனால் மொழி அமைப்புகளுக்குள் போய் சிக்கலான எழுத்துமுறைகளுக்கான பெட்டியில் டிக் போடாவிட்டால் தமிழ் ஒழுங்காக வராது. பழைய பதிப்பில் வேலை செய்தது, புதிய பதிப்பில் செய்யவில்லை. பதிப்பு எண் இரண்டு பக்கமும் தப்பான பதிலைக் கொடுத்தது. சரியான கேள்வி ஒன்றுதான்: 'கொ என்று ஒரு எழுத்து போட்டிருக்கிறேன், ஒற்றைக் கொம்பும் காலும் சரியான இடத்தில் தெரிகிறதா?' அன்றைக்குப் பல தளங்கள் ஒரு மாதிரி வரியைக் காட்டி, இது சரியாகத் தெரிகிறதா என்று கேட்டது இதனால்தான். இன்று பொறியாளர்கள் வசதிச் சோதனை என்று பெரிய பெயர் வைத்திருப்பதும் இதுதான்.

ஆகவே நிரல்களிடம் சொல்லும் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். தப்பாகக் கேட்பவரிடமும் வேலை நடக்கும்படி பதில் சொல்வது ஒருவகைப் பெருந்தன்மை.

பிரவுசரின் மௌனத்துக்கும் நியாயம் உண்டு. முன்பெல்லாம் போகும் தளத்துக்கெல்லாம் அது இயங்குதளத்தின் எண்ணைத் துல்லியமாகச் சொல்லும். இப்படிப்பட்ட சின்னச் சின்னத் தகவல்களைக் கோத்தால் ஒரு ஆளையே அடையாளம் காணலாம். எனவே அந்த வரியை உறையவைத்தார்கள். விண்டோஸ் 11-லும் 'என்டி 10.0' தான். இன்றைய மேக்கில் ஓடும் க்ரோம்கூட 'இன்டெல் மேக் 10_15_7' என்றுதான் சொல்லும், உள்ளே இருப்பது ஆப்பிளின் சொந்தச் சில்லாக இருந்தாலும். க்ரோம் வகை பிரவுசர்களிடம் தளம் தனியாகக் கேட்டு வாங்க ஒரு வழி இருக்கு, ஃபயர்ஃபாக்ஸ் அதையும் தருவதில்லை. அந்தப் பழைய வரியை மட்டும் நம்பிக் கணக்கெடுத்தால், விண்டோஸ் 11 என்று ஒன்று உலகத்திலேயே இல்லை என்றுதான் முடிவு வரும். கணக்கெடுப்பவர்களுக்குக் கஷ்டம்தான். நமக்கு நல்லது.

சொந்தக்காரருக்கு என்ன பதில்?

இனிதான் என் குறை. பதிப்பைக் கேட்க முழு உரிமையும் உள்ள ஒருவர் இருக்கிறார்: கணினியின் சொந்தக்காரர், அல்லது அவர் சார்பில் அதைப் பராமரிப்பவர். அவர் கேட்பதன் அர்த்தம் வேறு. "இந்த மெஷின் பாதுகாப்பா இருக்கா? இன்னும் எத்தனை நாளைக்கு அப்டேட் வரும்?" என்பதுதான் அவர் கேள்வி. அவருக்குக் கிடைக்கும் பதிலைப் பாருங்கள்.

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசாஃப்ட் எம்எஸ்17-010 என்ற பாதுகாப்புத் திருத்தத்தை வெளியிட்டது. இரண்டு மாதம் கழித்து, மே 12 அன்று, அதே ஓட்டை வழியாக வான்னாக்ரை உலகம் முழுக்கப் பரவியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகள்கூட முடங்கின. மாட்டிக்கொண்டவற்றில் பெரும்பாலானவை விண்டோஸ் 7 கணினிகள். அன்றைக்கு ஒரு விண்டோஸ் 7-ல் வின்வெர் தட்டியிருந்தால் என்ன வந்திருக்கும்? 'பதிப்பு 6.1, பில்ட் 7601, சர்வீஸ் பேக் 1'. திருத்தம் போட்ட கணினியிலும் அதே வரி, போடாத கணினியிலும் அதே வரி. நிற்கப் போகும் ஆஸ்பத்திரி கணினியும் தப்பிக்கப் போகும் ஆஸ்பத்திரி கணினியும் ஒரே பதிலைச் சொன்னன. கேட்டவருக்குத் தெரிந்திருக்க வேண்டிய ஒரே விஷயம் அந்தப் பெட்டியில் இல்லை.

விண்டோஸ் 10-ல் இது மேம்பட்டது, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. பில்ட் எண்ணுக்குப் பின்னால் ஒரு புள்ளி வைத்து, மாதாமாதம் திருத்தத்தோடு ஏறும் இன்னொரு எண் வந்தது. 19045 என்பது பில்ட், அதற்குப் பின் வருவது திருத்த நிலை. ஆனால் அதைப் பார்த்து இது போன மாதத்துடையதா, மூன்று வருஷத்துக்கு முந்தியதா என்று யாரால் சொல்ல முடியும்? மைக்ரோசாஃப்டின் பட்டியலை இணையத்தில் திறந்து ஒப்பிட வேண்டும்.

பில்ட் எண்ணும் முழுமையான பதில் இல்லை. விண்டோஸ் 10-ல் 19044 என்ற பில்ட்டை எடுத்துக்கொள்வோம். அது ஹோம் அல்லது ப்ரோ என்றால் 2023 ஜூன் 13-உடன் ஆதரவு முடிந்துவிட்டது. நிறுவனங்களுக்கான நீண்டகால எல்டிஎஸ்சி 2021 என்றால் 2027 ஜனவரி 12 வரை உண்டு. இயந்திரங்களில் பதிக்கும் ஐஓடி எல்டிஎஸ்சி 2021 என்றால் 2032 ஜனவரி 13 வரை. ஒரே எண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்பது வருஷ வித்தியாசம்.

பெயரையாவது நம்பலாமா என்றால், முதலில் சொன்ன ரெஜிஸ்ட்ரி வரி இருக்கிறது. 2021 அக்டோபரில் 11 வந்தது முதல் 'ப்ராடக்ட் நேம்' என்ற இடத்தில் 'விண்டோஸ் 10' என்றே எழுதியிருக்கிறது. அதே கணினியின் நிர்வாகத் தகவல் சேவையைக் கேட்டால் 'விண்டோஸ் 11' என்று சரியாகச் சொல்கிறது. பழைய நிரல்கள் குழம்பக்கூடாது என்ற காரணம் புரிகிறது. ஆனால் அலுவலகங்களில் கணினிப் பட்டியல் எடுக்கப் பலர் எழுதிவைத்திருக்கும் ஸ்கிரிப்டுகள் படிப்பது அந்த வரியைத்தான். 2025 அக்டோபர் 14-ல் விண்டோஸ் 10-இன் பொதுவான ஆதரவு முடிந்தது. அந்தத் தேதியை ஒட்டி எது 10, எது 11 என்று பட்டியல் போட்ட ஒரு அலுவலகத்தில், 11 ஓடும் கணினிகளுக்கும் நேராக 10 என்று எழுதி, 'மாற்ற வேண்டியவை' என்று சிவப்படித்து வைத்திருந்ததை நான் பார்த்தேன். அங்கே யாரும் அலட்சியமாக இல்லை. கணினி சொன்னதை அப்படியே எழுதினார்கள், அவ்வளவுதான்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் வைத்தியம்: பில்ட் எண் 22000 அல்லது அதற்கு மேல் என்றால் 11. இதுவும் பாதிதான் சரி. விண்டோஸ் சர்வர் 2025-இன் பில்ட் 26100. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பும் 26100. எண்ணை மட்டும் பார்த்தால் சர்வரும் விண்டோஸ் 11 ஆகிவிடும். எக்ஸ்பிக்கு "5-க்கு மேல், 1-க்கு மேல்" என்று எழுதிய அதே நிரலாளரின் பேரன் எழுதும் வரி இது.

எப்படி இருந்திருக்கலாம்

நடக்காததை ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே மற்றவர்கள் செய்து காட்டியதுதான். லினக்ஸ் வகைகளில் 'ஓஎஸ்-ரிலீஸ்' என்ற ஒரு எளிய உரைக்கோப்பு இருக்கிறது. பெயர், பதிப்பு எல்லாம் வரிவரியாக, யார் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். 2022-ல் அதில் 'சப்போர்ட் எண்ட்' என்று ஒரு வரிக்கு இடம் செய்தார்கள். ஆதரவு முடியும் தேதி, அந்தக் கணினியிலேயே. ஃபெடோரா அதை நிரப்பித் தருகிறது.

ஆண்ட்ராய்டைப் பாருங்கள். 2015-ல் வந்த 6.0 முதல், பதிப்பு எண்ணுக்குப் பக்கத்திலேயே பாதுகாப்புத் திருத்தத் தேதி என்று ஒன்று காட்டுகிறது. பில்ட் என்றால் என்ன என்று தெரியாதவருக்கும் தேதி புரியும். தேதி போட்டால் பொய் சொல்லமாட்டார்களா? சொன்னார்கள். 2018-ல் ஜெர்மனியின் செக்யூரிட்டி ரிசர்ச் லேப்ஸ் ஆய்வாளர்கள், சில தயாரிப்பாளர்கள் தேதியை மட்டும் முன்னேற்றிவிட்டு உள்ளே சில திருத்தங்களை விட்டுவிட்டதைக் காட்டினார்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேதி என்று ஒரு தெளிவான வாக்குறுதி இருந்ததால்தான் அதைச் சோதித்துப் பிடிக்க முடிந்தது. 'பில்ட் 7601' என்பதை யாராலும் பொய் என்று நிரூபிக்க முடியாது. அது எந்த வாக்குறுதியும் தரவில்லையே.

ஒரு மறுப்பு வரலாம். ஆதரவுத் தேதி மாறக்கூடியது. ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்கே வான்னாக்ரை சமயத்தில் திருத்தம் கொடுத்தார்கள். விண்டோஸ் 10-க்கும் நீட்டிப்புத் திட்டம் வந்தது. பெட்டியில் தேதியை எழுதிவிட்டால் அது பழையதாகிவிடாதா? ஆகாது. மாதாமாதம் கணினிக்குள் வந்து கோப்புகளை மாற்றும் அப்டேட், ஒரு தேதியையும் சேர்த்து மாற்றிவிட்டுப் போகலாம். முப்பது வருஷமாக ஒவ்வொரு பழைய நிரலுக்கும் எந்தப் பொய் பொருந்தும் என்று பட்டியல் போட்டுப் பராமரிக்க முடிந்தவர்களுக்கு இது பெரிய வேலையா?

அதுவரை நாமே செய்துகொள்ள வேண்டியது: ஒரு விண்டோஸ் கணினியைப் பற்றிக் குறித்துவைக்கும்போது பெயரோடு நிறுத்தாதீர்கள். பெயர், எடிஷன் (ஹோம், ப்ரோ, எல்டிஎஸ்சி), புள்ளிக்குப் பின்னால் உள்ளதையும் சேர்த்து முழு பில்ட் எண், அந்த எடிஷனுக்கான ஆதரவு முடியும் தேதி. நான்கும் சேர்ந்தால்தான் ஒரு பதில். முதல் மூன்றும் அமைப்புகளில் 'அறிமுகம்' பக்கத்திலேயே கிடைக்கும். நான்காவதை மைக்ரோசாஃப்டின் ஆதரவுக்காலப் பக்கத்தில் தேடி எடுக்க வேண்டும். அந்த நான்காவது, வின்வெர் பெட்டியில் ஒரு வரியாக இருந்திருக்க வேண்டியது. அங்கே காலி இடமும் நிறையவே இருக்கு.